முகாமில் 30-க்கு 21 வந்தால் அம்மாவுக்கு மறதி நோயா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய அம்மாவுக்கு 72 வயது, படிப்பு நாலாம் வகுப்பு வரை. குடியிருப்பில் நடந்த ஒரு இலவச முகாமில் அவரை உட்கார வைத்து, இன்று என்ன தேதி, இது எந்த மாவட்டம், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், இந்த ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 30-க்கு 21 வந்திருக்கிறது. "டிமென்ஷியா ஆரம்பம் போலிருக்கிறது, எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள்" என்று சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. இது உண்மையாக இருக்குமா, 76 வயது அப்பாவையும் ஒருமுறை சோதித்துவிடலாமா, வயதானவர்கள் எல்லோருமே வருஷத்துக்கு ஒருதரம் இதைச் செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் மருத்துவர் இல்லை, முதியோர் பிரிவில் இந்த மாதிரிச் சோதனைகளை எடுக்கிற உளவியலாளர். ஆகவே மருந்து பற்றி அளவாகத்தான் பேசுவேன். அந்த எண்ணைப் பற்றி நிறையவே பேசலாம்.

21-ஐ மட்டும் வைத்து உங்கள் அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர்கள் எடுத்தது எம்எம்எஸ்இ என்கிற சோதனை. 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் சேர்ந்து உருவாக்கியது, நோயாளியின் படுக்கை அருகிலேயே ஐந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்பதால் உலகம் பூராவும் பரவிவிட்டது. 24-க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது வழக்கமான எல்லைக்கோடு. ஆனால் அந்தக் கோடு பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் போட்ட கோடு. 1993-இல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தபோது, ஒன்பது வருஷமோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடுமதிப்பெண் 29, ஐந்திலிருந்து எட்டு வருஷம் படித்தவர்களுக்கு 26, நாலு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. அதாவது நாலாம் வகுப்போடு நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 22-க்குக் கீழேதான் இருந்தார்கள், அவர்கள் எல்லோருக்குமா மறதி நோய்? உங்கள் அம்மா 21 எடுத்திருக்கிறார். அவர் படிப்புக்கு அது நடுமதிப்பெண்ணை ஒட்டியே வருகிறது.

எங்கே மதிப்பெண் போயிற்று என்று அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். ஏழு ஏழாகக் கழிப்பதற்கு மட்டும் ஐந்து மதிப்பெண். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்கு ஒன்று, படம் வரைய ஒன்று, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய ஒன்று. பென்சில் பிடித்தே அறுபது வருஷமான ஒருவருக்கு இந்த எட்டும் மூளையைச் சோதிக்கவில்லை, பள்ளிக்கூடத்தைச் சோதிக்கின்றன. தேதி கேட்டால் "ஆடி பத்து" என்று சரியாகச் சொல்லி, கேட்டவருக்கு ஆங்கிலத் தேதிதான் வேண்டும் என்பதால் தவறு போட்ட தாள்களையும் பார்த்திருக்கிறேன். அதே நேரம், ஐந்து நிமிஷம் முன்பு சொன்ன மூன்று சொற்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை, மாவட்டப் பெயர் தெரியவில்லை, இருக்கிற ஊர் தெரியவில்லை என்று அந்தப் பக்கத்தில் மதிப்பெண் போயிருந்தால் அது வேறு கதை. 21 என்பது ஒன்றுதான், ஆனால் இந்த 21-க்கும் அந்த 21-க்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, அம்மாவுக்குக் காது எப்படி? மைக் சத்தம், பக்கத்து மேஜையில் சர்க்கரை பார்க்கிற கூட்டம், அக்கம்பக்கத்தார் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கிற இடம். அங்கே அரைகுறையாகக் காதில் விழுந்த கேள்விக்குச் சொன்ன பதிலை வைத்து ஒருவரின் நினைவாற்றலை அளப்பது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம்.

இது நம் நாட்டுக்குப் புதிய சிக்கலும் இல்லை. ஹரியானாவில் பல்லப்கர் வட்டாரக் கிராமங்களில் ஆய்வு செய்த இந்திய அமெரிக்கக் குழு இதே பிரச்சினையில் முட்டிக்கொண்டுதான், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய மாதிரி இந்திச் சோதனை ஒன்றை உருவாக்கி 1995-இல் வெளியிட்டது. சிட்னியில் பல தேசத்து மக்களைப் பார்க்கிற மருத்துவர்கள் 2004-இல் ருடாஸ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் கடைக்குப் போனால் வாங்க வேண்டிய நாலு சாமான்களை நினைவில் வைத்துச் சொல்வது, போக்குவரத்து அதிகமுள்ள சாலையை எப்படிக் கடப்பீர்கள் என்று விளக்குவது, கையை மூடித் திறந்து மாற்றி மாற்றிச் செய்வது மாதிரியான பணிகள் உண்டு, பள்ளிப்படிப்பின் பாதிப்பு குறைவு. அதிகம் பேசப்படுகிற மொக்கா சோதனையிலும் குறைவாகப் படித்தவர்களுக்கு என்றே தனி வடிவம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் இந்திய மொழிகளுக்கென ஒரு சோதனைத் தொகுப்பைச் செய்து 2020-இல் வெளியிட்டது, முதல் கட்டத்தில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஐந்து மொழிகள், தமிழ் அதில் இல்லை (இதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் பதில் முடியாது). வேலூர் சிஎம்சியில் உள்ளூர்க் கிராமங்களுக்கென்றே சில கருவிகளை உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே மாற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முகாம்களில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதை எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வேலூர்க் கிராமங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மறுபக்கம் அங்கேதான் இருக்கிறது. 10/66 என்கிற பன்னாட்டு ஆய்வுக் குழு (உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை, அதனால் அந்தப் பெயர்) பல நாடுகளில் 65 வயதைத் தாண்டியவர்களை வீடு வீடாகப் பார்த்தது. இந்தியாவில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும். 2008-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வழக்கமான அமெரிக்க நோயறி வரையறையை வைத்துப் பார்த்தால் இந்தியக் கிராமப்புறத்தில் டிமென்ஷியா 0.3 சதவீதம்தான், கியூபாவிலோ 6.3. ஆனால் படிப்பையும் பண்பாட்டையும் கணக்கில் எடுத்துச் செய்த 10/66 முறையில் பார்த்தால் ஆய்வு நடந்த எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை. அதே ஊர், அதே ஆட்கள், அளவுகோல் மட்டும் வேறு.

0.3 ஏன் வந்தது தெரியுமா? அந்த வரையறைப்படி, நினைவு குறைந்தால் போதாது, அன்றாட வேலை கெட்டுப்போயிருக்கிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எழுபது வயது ஆளிடம் என்ன வேலை எதிர்பார்க்கிறோம்? சமையல் மருமகள் கையில், பேங்க் மகன் கையில், மாத்திரையைப் பேத்தி எடுத்துக் கொடுக்கிறாள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என்ன முடியாமல் போயிற்று என்று யாருக்குத் தெரியும்? "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். பாட்டி இறந்த மூன்றாம் மாதம்தான் தெரியும், இத்தனை வருஷம் தாத்தாவுக்கு வேட்டி எடுத்து வைத்து, பேர் சொல்லிக் கொடுத்து, வழி காட்டிக்கொண்டிருந்தது அவள்தான் என்று. வீடு மாறும்போது, ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, அமெரிக்காவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகும்போது திடீரென்று வெளியே தெரியும். ஆக, நமக்கு இரண்டு பக்கமும் அடி. படிக்காதவர்களுக்கு இல்லாத நோயைச் சோதனை ஒட்டிவிடுகிறது, இருக்கிற நோயை வீடு மறைத்துவிடுகிறது.

அதனால்தான் நான் மதிப்பெண்ணைவிட வீட்டு ஆள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கும் முறையான கருவிகள் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் வந்த ஏடி8 என்பது எட்டே கேள்வி, கூடவே இருக்கிறவரிடம் கேட்பது. கடந்த சில வருஷங்களில் இவரிடம் மாற்றம் இருக்கிறதா என்பதுதான் எட்டுக்கும் அடிப்படை: பண விஷயத்தில் தப்பான முடிவு எடுக்கிறாரா, பிடித்த வேலையில் நாட்டம் போய்விட்டதா, சொன்னதையே கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா, புது ரிமோட்டோ போனோ கற்றுக்கொள்ள முடியவில்லையா, மாதமும் வருஷமும் மறக்கிறதா என்கிற மாதிரி. இரண்டு அல்லது அதற்கு மேல் "ஆமாம், மாறியிருக்கிறார்" என்று வந்தால் முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இதில் படிப்பு குறுக்கே வராது, ஏனென்றால் அம்மாவைப் பழைய அம்மாவோடுதான் ஒப்பிடுகிறீர்கள். அம்மாவுக்கு எப்போதுமே பேங்க் வேலை தெரியாது என்றால் அது மாற்றம் இல்லை. நாற்பது வருஷமாகச் சீட்டுக் கணக்கை மனதிலேயே வைத்திருந்தவருக்கு இப்போது பால் கணக்குக் குழம்புகிறது என்றால் அது மாற்றம்.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, பெயர் நுனி நாக்கில் நின்று அரைமணி கழித்து வருவது, இதெல்லாம் எனக்கே இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். காலையில் சாப்பிட்டதையே மறந்து "இன்னும் டிபன் தரலையே" என்பது, எப்போதும் வைக்கிற சாம்பாரில் வரிசை மாறிப்போவது, தினமும் போகிற கோயிலிலிருந்து திரும்பி வரத் தெரியாமல் நிற்பது, ஒரே மாத்திரையை இரண்டுதரம் போட்டுக்கொள்வது, யாரோ நகையைத் திருடிவிட்டார்கள் என்று வீட்டு ஆள்மேல் பழி போடுவது, இவை கவனிக்க வேண்டியவை. மறதியே இல்லாமலும் ஆரம்பிக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தொடும் வயதில் குணமே மாறி, கூச்சம் போய், தெரியாதவர்களிடம் கண்டபடி பேச ஆரம்பிக்கிறவர் முகாம் சோதனையில் 29 எடுக்கலாம். தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கைகால் வீசுவது, இல்லாத ஆட்களைப் பார்ப்பது, நடை மந்தமாவது என்று சேர்ந்து வந்தாலும் மறதிக்கு முன்பே நோய் ஆரம்பித்திருக்கலாம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் 28 எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியைத் தேடலாம். 28 வந்தது என்பதற்காக நிம்மதியாகிவிடக் கூடாது.

சரி, எல்லோருக்கும் வருஷாவருஷம் சோதனை வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாசி-டாட் என்கிற தேசிய அளவிலான ஆய்வின்படி (2023-இல் வெளியானது) இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். ஆயிரம் பேரை வரிசையில் உட்கார வைத்தால் சுமார் 70 பேருக்கு இருக்கும், 930 பேருக்கு இருக்காது. சோதனை நோய் உள்ளவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும், இல்லாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விடும் என்று வைத்துக்கொள்வோம். 70-இல் 56 பேரைப் பிடிக்கும். 930-இல் 186 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். சீட்டு வாங்குகிற 242 பேரில் நோய் உள்ளவர் நாலில் ஒருவர்கூட இல்லை. இதுவே வீட்டில் மாற்றம் தெரிந்து கூட்டி வருகிறவர்களிடம் எடுத்தால், அந்தக் கூட்டத்தில் பாதிப்பேருக்கு நோய் இருக்கும்போது, அதே சோதனை சுட்டிக்காட்டுகிற ஐந்து பேரில் நாலு பேர் உண்மையான நோயாளிகள். சோதனை மாறவில்லை, யாரிடம் எடுக்கிறோம் என்பது மாறிவிட்டது.

அதனால்தான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2020-இல், அறிகுறி இல்லாத முதியவர்களைச் சோதிப்பதால் நன்மையா தீமையா என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது. கனடாவின் குழு 2016-இல் நேரடியாகவே வேண்டாம் என்றது. பிரிட்டனின் தேசியக் குழுவும் எல்லோரையும் சோதிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை நடந்தது: 2014-இல் புதிதாக ஒரு டிமென்ஷியா நோயாளியைக் கண்டறிந்தால் குடும்ப மருத்துவருக்கு 55 பவுண்டு என்று அரசு மருத்துவச் சேவை அறிவித்தது, மருத்துவர்களே தலைக்கு விலையா என்று சண்டைக்கு வந்து, சில மாதங்களில் அது நின்றுபோனது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். சோதித்தாலே முதியவர்கள் மனம் உடைந்துவிடுவார்கள் என்பது அவ்வளவு சரியில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 4,000 பேருக்கு மேல் சோதிக்கிறவர்கள், சோதிக்காதவர்கள் என்று இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வில், சோதிக்கப்பட்டவர்களுக்கு மனச்சோர்வோ பதற்றமோ கூடவில்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்து அவர்கள் வாழ்க்கைத் தரத்தில் நன்மையும் தெரியவில்லை. சந்தேகம் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மேல் பரிசோதனைக்கே வரவில்லை. அங்கே சந்தேகம் வந்தவர்களுக்கு அடுத்து என்ன என்பதற்கும் ஏற்பாடு இருந்தது. உங்கள் அம்மாவிடம் சொன்ன விதம் வேறு.

புது ரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்பீர்கள். டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் சம்பந்தமான புரதங்களை ரத்தத்தில் அளக்கிற ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது. அறிகுறி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு, சிறப்பு மருத்துவர் கையில், மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பயன்படுத்த மட்டுமே. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சேர்த்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை, யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இப்போது அம்மாவுக்கு என்ன செய்வது. முதலில் எம்ஆர்ஐ வேண்டாம். அதில் "வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்" என்று ஒரு வரி வரும், அதைப் படித்து வீடே அழும். ஸ்கேன் தேவையா என்பதை அம்மாவிடம் பேசிப் பார்த்த மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களும், அம்மாவோடு பகலில் அதிகம் இருக்கிற யாராவது ஒருவரும், தனித்தனியாக யோசித்துப் பாருங்கள்: மூன்று வருஷத்துக்கு முந்தைய அம்மாவுக்கும் இன்றைய அம்மாவுக்கும் வித்தியாசம் இருக்கிறதா? இருவருக்கும் எதுவும் தோன்றவில்லை என்றால் அந்தச் சீட்டை மடித்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி யோசியுங்கள்.

ஏதாவது தோன்றினால் மருத்துவரிடம் போங்கள், போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கியது உட்பட. தூக்கத்துக்கு வருஷக்கணக்கில் போடுகிற அல்பிரசோலம், சளிக்கும் அரிப்புக்கும் வாங்குகிற பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடிக்கடி வருவதற்குத் தருகிற சில மருந்துகள், இவையே வயதானவர்களைக் குழப்பத்தில் தள்ளும். ரத்தத்தில் தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை, ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல், சாப்பாடு சைவம் என்று மூன்றும் சேர்ந்தவர்களுக்கு பி12 குறைவது சகஜம். மனச்சோர்வும் மறதி மாதிரியே வேஷம் போடும், கேட்டதற்கெல்லாம் "தெரியலை, தெரியலை" என்பார்கள். இதையெல்லாம் சரிசெய்தால் மறதி போய்விடும் என்று ஆசை காட்ட மாட்டேன். டிமென்ஷியா என்று வந்தவர்களில் முழுக்கத் திரும்பியவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. ஆனாலும் சரிசெய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் மறுபடி சோதிக்க வேண்டும், அமைதியான அறையில், கண்ணாடியும் காது மெஷினும் போட்டுக்கொண்டு, அவர் படிப்புக்கு ஏற்ற சோதனையால்.

ஒரே ஒரு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இரண்டு நாளில் குழம்பி, பகலில் தூங்கி, ராத்திரி எழுந்து பிதற்றினால் அது பெரும்பாலும் டிமென்ஷியா இல்லை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, விழுந்து தலையில் ரத்தக்கட்டு என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி.

எங்கே காட்டுவது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவு போதும். சென்னைக்குப் பக்கம் என்றால் கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, ஸ்கார்ஃப் என்கிற மனநலத் தொண்டு அமைப்பின் முதியோர் மனநலப் பிரிவும் இருக்கிறது. யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.

நோய் உறுதியாகாமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று டிமென்ஷியாவுக்குத் தருகிற டோனெபெசில் மாத்திரையை ஆரம்பித்தால் ஏன் என்று கேளுங்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும், வயிற்றைப் புரட்டும், பலனோ உண்மையான நோயாளிகளுக்கே சுமார்தான். மூளை டானிக்குகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஜிங்கோ என்கிற மூலிகைச் சாற்றை 3,000 பேருக்கு வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2008-இல் வந்தது, டிமென்ஷியா வருவதை அது தடுக்கவில்லை.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அது பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஒன்று, அதில் கணக்கும் எழுத்தும் கேட்டதால் மார்க் குறைந்தது, நாங்கள் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், எங்களுக்கு ஏதாவது தோன்றினால் உன்னிடம்தான் முதலில் சொல்வோம். இந்தக் கடைசி வாக்கியத்தைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

அப்பா விஷயம் சுலபம். வீட்டில் யாரும் எந்த மாற்றத்தையும் பார்க்கவில்லை, பென்ஷன் கணக்கை அவரே பார்க்கிறார், சீட்டாட்டத்தில் இன்னும் உங்களை ஜெயிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மறதிச் சோதனை இப்போது வேண்டாம். அதற்குப் பதில் ரத்த அழுத்தம், கொழுப்பு, கண், காது நாலையும் பாருங்கள். 2024-இல் லான்செட் குழு தொகுத்த, மாற்றக்கூடிய 14 காரணங்களில் இந்த நாலும் உண்டு. டிவி சத்தத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். காது பரிசோதனைக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள்.